ஒரு குண்டு ஒரு கிலோமீட்டர் போவதற்குள்

வியாசர்பாடி, கொடுங்கையூர் பக்கம் சாயங்காலம் எந்தத் தெருமுனையில் நின்றாலும், போனைப் படுக்கையாகப் பிடித்துக்கொண்டு நாலு பையன்கள் பப்ஜி வகை விளையாட்டில் மூழ்கியிருப்பார்கள். 5.56, 7.62 என்ற எண்களெல்லாம் அவர்கள் வாயில் தண்ணீர் பட்டபாடு. "5.56 தாண்ணா ஸ்பீடு, தூரத்துக்கு அதான் கரெக்டு" என்பான் ஒருவன். "போடா, 7.62 தான் வெயிட்டு" என்பான் இன்னொருவன். இரண்டு பேர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி, பதினோராம் வகுப்பு இயற்பியலில் எறிபொருள் இயக்கம் நடத்தும்போது "காற்றின் தடையைப் புறக்கணிக்க" என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டுப் போன விஷயம். நெடுந்தூரத் துப்பாக்கிச் சுடுதலில் ஏறக்குறைய எல்லாமே அந்த ஒதுக்கிய வரிக்குள்தான் இருக்கிறது.

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்து வைத்துக்கொள்வோம். தோட்டா என்று நான் சொல்வது பித்தளைக் கூடு, அதற்குள் வெடிமருந்து, நுனியில் செருகிய உலோகம் எல்லாம் சேர்ந்த முழுப் பொருளை. சுட்டதும் குழலை விட்டு வெளியே பறப்பது குண்டு மட்டும். காலிபர் என்பது குழலின் உள்விட்டம், பேச்சுவழக்கில் குண்டின் விட்டம். இரண்டும் மிகச்சரியாக ஒன்றல்ல. 7.62 என்று பெயர் வாங்கிய குண்டை அளந்தால் 7.8 மில்லிமீட்டர் இருக்கும், 5.56 என்பது 5.7 இருக்கும். குழலுக்குள் வரிவரியாகப் பள்ளமும் மேடும் வெட்டியிருப்பார்கள். பெயரிலுள்ள எண் எதிரெதிர் மேடுகளுக்கு இடையிலான அளவு. குண்டு சற்றுத் தடிமனாக இருந்தால்தான் அந்தப் பள்ளங்களில் பிதுங்கிப் பிடித்துக்கொண்டு சுழலும். (விளையாட்டில் கார்98-க்கு 7.62 போடுவார்கள். நிஜத்தில் அந்த ஜெர்மன் ரைபிளின் காலிபர் 7.92. விளையாட்டுதானே, விடுங்கள்.)

குண்டின் எடையைக் கிரெய்ன் என்ற பழைய அளவில் சொல்வார்கள். 7000 கிரெய்ன் ஒரு பவுண்டு, ஒரு கிரெய்ன் 0.0648 கிராம். தூரத்தைக் கஜத்தில் சொல்வதும் உண்டு. ஆயிரம் கஜம் என்றால் 914 மீட்டர். வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை 2021-இல் நீட்டித்த மெட்ரோ பாதையில் ஒரு நிலையத்துக்கும் அடுத்த நிலையத்துக்கும் சராசரியாக ஏறக்குறைய அவ்வளவுதான் இடைவெளி. ஒரு நிலையத்தின் மேலே நின்றுகொண்டு அடுத்த நிலையத்தின் கூரையைப் பார்ப்பதாக வைத்துக்கொண்டால் தூரம் மனதுக்குப் பிடிபடும்.

இனி ஈர்ப்பு விசை. குண்டு வேகமாகப் போவதால் கீழே விழாது என்று பலர் நினைக்கிறார்கள். குழலை விட்டு வெளியேறிய அந்தக் கணமே அது விழத் தொடங்கிவிடுகிறது. எவ்வளவு விழுகிறது என்பதைத் தீர்மானிப்பது காற்றில் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பது. 7.62 ரகத்தில், போட்டிகளுக்குப் பயன்படும் 175 கிரெய்ன் குண்டை எடுத்துக்கொள்வோம். எடை 11.3 கிராம், கிளம்பும் வேகம் நொடிக்கு சுமார் 790 மீட்டர். 100 மீட்டரில் அது விழுவது 8 சென்டிமீட்டர்தான். 300 மீட்டரில் ஏறக்குறைய 80 சென்டிமீட்டர். ஆயிரம் கஜத்தில் 11 மீட்டர், மூன்று மாடி உயரம். தூரம் ஒன்பது மடங்கு ஆனதற்கு வீழ்ச்சி நூறு மடங்குக்கும் மேல் ஆகிவிட்டது. அதனால் குழலைச் சற்று மேல்நோக்கிப் பிடிக்கிறார்கள். குண்டு நடுவழியில் மூன்று மீட்டருக்கு மேல் ஏறி, பிறகு இலக்கை நோக்கி இறங்குகிறது. துப்பாக்கி மேல் பொருத்திய டெலஸ்கோப்பில் இருக்கும் திருகுகள் இந்தச் சாய்மானத்தைச் சரிசெய்யத்தான்.

ஈர்ப்பு விசை ஒரு நல்ல எதிரி. என்றும் மாறாது, கணக்குப் போட்டுவிடலாம். காற்று அப்படியல்ல.

காற்று ஒரு குண்டை எவ்வளவு தடுக்கிறது என்பதை முதலில் அளந்து காட்டியவருக்கும் நம் கடற்கரைக்கும் ஒரு தொடர்பு உண்டு. பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலக் கணிதவியலாளர், கனமான பலகை ஒன்றை ஊசல் போலத் தொங்கவிட்டு அதன்மேல் சுட்டார். பலகை எவ்வளவு ஆடுகிறது என்பதிலிருந்து குண்டின் வேகத்தைக் கணக்கிட்டார். கிட்டத்தில் ஒரு முறை, தள்ளி ஒரு முறை என்று சுட்டுப் பார்த்தால் வழியில் எவ்வளவு வேகம் செத்தது என்று தெரிந்துவிடும். அவர் 1742-இல் வெளியிட்ட முடிவு அன்றைய அறிஞர்களைத் தூக்கிவாரிப்போட்டது. வேகமாகப் போகும் ஒரு மஸ்கெட் (அந்தக் காலத்து நீளத் துப்பாக்கி) உருண்டையைக் காற்று பிடித்து இழுக்கும் விசை, அந்த உருண்டையின் எடையைப் போல நூறு மடங்குக்கும் மேல். அதுவரை காற்றை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் அழகான பரவளையம் வரைந்துகொண்டிருந்தார்கள். ஒலியின் வேகத்தை நெருங்கும்போது தடை திடீரென ஏறுவதையும் அவரே கவனித்தார். கிழக்கிந்தியக் கம்பெனி அவரைத் தன் தலைமைப் பொறியாளராக்கி, பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து திரும்பக் கிடைத்திருந்த சென்னைக் கோட்டையையும் மற்ற கோட்டைகளையும் பலப்படுத்த இங்கே அனுப்பியது. வந்து ஓராண்டு அளவில் உடல்நலம் கெட்டு, 1751 ஜூலையில் கடலூர் செயின்ட் டேவிட் கோட்டையில் இறந்துபோனார். சென்னைக் கோட்டையைப் பற்றி எவ்வளவோ பேசுகிறோம், இந்த மனிதரைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை.

நவீன குண்டுகளும் இந்தக் கணக்கிலிருந்து தப்பவில்லை. மேலே சொன்ன 175 கிரெய்ன் குண்டு குழலை விட்டு வெளிவரும்போது அதன்மேல் விழும் தடை, அதன் எடையைப் போல சுமார் 45 மடங்கு. 5.56 ரகத்தின் 55 கிரெய்ன் குண்டுக்கு அது 115 மடங்கு அளவில் இருக்கும். இங்கேதான் தெருமுனை வாக்குவாதத்துக்குத் தீர்ப்பு இருக்கிறது.

55 கிரெய்ன் குண்டு கிளம்பும்போது நொடிக்கு 990 மீட்டர். 175 கிரெய்ன் குண்டு 790. அதாவது சின்னதுக்கு 200 மீட்டர் முன்னிலை. ஆனால் சுமார் 365 மீட்டர் தூரத்தில் இரண்டும் ஒரே வேகத்துக்கு, ஏறக்குறைய 590-க்கு வந்துவிடுகின்றன. 500 கஜத்தில் சின்னது 510 அளவுக்கு இறங்கிவிட, பெரியது 545-இல் போய்க்கொண்டிருக்கும். அதற்கப்புறம் வேகத்தில் பெரியதுதான் முன்னால். ஆக, முந்நூறு மீட்டருக்குள் "5.56 தான் ஸ்பீடு" என்றவன் சொன்னது சரி. அதைத் தாண்டினால் அவன் கட்சி தோற்றுவிடும்.

ஏன் அப்படி? தடை என்பது குண்டின் குறுக்குப் பரப்பைப் பொறுத்தது. அந்தத் தடையை மீறி ஓடும் திறன் எடையைப் பொறுத்தது. ஒரு குண்டை அதே வடிவத்தில் இரண்டு மடங்கு பெரிதாக்கினால் பரப்பு நான்கு மடங்கு ஆகும், எடையோ எட்டு மடங்கு ஆகும். பெரியதற்கு லாபம். எடையை விட்டத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைக்கும் எண்ணை வெட்டுப்பரப்பு அடர்த்தி என்று சொல்லலாம். பவுண்டு, அங்குலக் கணக்கில் 55 கிரெய்ன் குண்டுக்கு அது 0.157, 175 கிரெய்ன் குண்டுக்கு 0.264.

இதைப் படித்ததும் "அப்போ காலிபர் பெரிதாகப் பெரிதாக நல்லது" என்று முடிவு கட்டிவிடக் கூடாது. விட்டத்தைக் கூட்டாமலேயே குண்டை நீளமாக்கினாலும் அந்த எண் ஏறும். 6.5 மில்லிமீட்டர் குண்டு ஒன்று 140 கிரெய்ன் எடையில் வருகிறது. விட்டத்தில் 7.62-ஐ விடச் சிறியது, எடையும் குறைவு, ஆனால் ஒல்லியாக நீண்டிருப்பதால் வெட்டுப்பரப்பு அடர்த்தி 0.287. அதனால்தான் 2007-இல் வந்த 6.5 கிரீட்மூர் என்ற தோட்டா நெடுந்தூரப் போட்டிகளில் அவ்வளவு வேகமாகப் பரவியது. நொடிக்கு 825 மீட்டரில் கிளம்பி, ஆயிரம் கஜத்தில் இன்னும் 430-க்கு மேல் வேகம் வைத்திருக்கும். 7.62 அந்த இடத்தில் 370 அளவுக்கு இறங்கியிருக்கும். துப்பாக்கி தோளில் உதைப்பதும் குறைவு. பெரிய காலிபர்தான் பெரிய ஆள் என்ற எண்ணம் சினிமா கொடுத்தது.

வடிவத்துக்கு வருவோம். எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். காசிமேட்டிலிருந்து புறப்படும் விசைப்படகைப் பாருங்கள். முன்னால் தண்ணீரைப் பிளந்து அலையை ஒதுக்கிக்கொண்டே போகிறது, பின்னால் நுரைத்துச் சுழலும் தண்ணீரை விட்டுவிட்டுப் போகிறது. எஞ்சினின் உழைப்பு இந்த இரண்டிலும் கரைகிறது. ஒலியை மிஞ்சிய வேகத்தில் போகும் குண்டுக்கும் முன்னால் அதிர்வலை, பின்னால் வெற்றிடம் போன்ற சுழல். முன்னால் ஆகும் செலவைக் குறைப்பது கூர்மையான மூக்கு. பின்னால் ஆகும் செலவைக் குறைப்பது லேசாகக் குறுகி முடியும் வால்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி வரை ராணுவ ரைபிள் குண்டுகள் மொழுக்கென்று உருண்டை மூக்கோடுதான் இருந்தன. 1898-இல் பிரெஞ்சு ராணுவம் தன் லெபெல் ரைபிளுக்குக் கூர்மூக்கும் குறுகிய வாலும் கொண்ட குண்டை ஏற்றுக்கொண்டது. பார்த்துக்கொண்டிருந்த ஜெர்மனி சில ஆண்டுகளில் கூர்மூக்குக்கு மாறியது, 1906-இல் அமெரிக்காவும். பிரிட்டன் கொஞ்சம் தாமதம். நம் ஊர்க் காவல் நிலையங்களில் பல பத்தாண்டுகள் சுவரோரம் சாத்தியிருந்த .303 (இது அங்குலக் கணக்கு) ரைபிளுக்குத்தான் அந்த மாற்றம். அதுவரை இருந்தது 215 கிரெய்ன் உருண்டை மூக்குக் குண்டு, வேகம் நொடிக்கு சுமார் 630 மீட்டர். 1910-இல் வந்த ஏழாம் மார்க், அதாவது ஏழாவது பதிப்புத் தோட்டாவில் 174 கிரெய்ன் கூர்மூக்குக் குண்டு, வேகம் 744. ரைபிளின் காலிபரும் பித்தளைக் கூடும் அப்படியேதான் இருந்தன. குண்டின் மூக்குக்குள் ஈயத்துக்குப் பதில் அலுமினியம் வைத்தார்கள், எடையைக் கூட்டாமல் நீளத்தைக் கூட்ட. வால் மட்டும் தட்டையாகவே இருந்தது. இயந்திரத் துப்பாக்கிகள் இன்னும் தூரம் சுட வேண்டும் என்று வந்தபோது, 1938-இல் எட்டாம் மார்க்கில் வாலையும் குறுக்கினார்கள்.

வாலின் பயன் எங்கே அதிகம் தெரியும் என்றால், பயணத்தின் கடைசிப் பகுதியில். வேகம் மிக அதிகமாக இருக்கும்போது மூக்கின் அதிர்வலைதான் பெரும் செலவு. வேகம் குறையக் குறைய பின்னால் இழுக்கும் சுழலின் பங்கு ஏறிவிடும். எனவே இருநூறு முந்நூறு மீட்டரோடு நிறுத்திக்கொள்பவருக்கு வால் எப்படி இருந்தாலும் பெரிய வித்தியாசம் தெரியாது.

கூர்மை எப்போதும் நல்லது என்றும் இல்லை. திருவிழாக் கடைகளில் பலூன் சுடும் ஏர் கன்னில் போடும் ஈயக் குண்டைக் கையில் எடுத்துப் பார்த்திருப்பீர்கள், இடுப்பு சிறுத்து, பின்பக்கம் பாவாடை போல விரிந்திருக்கும். அந்த விரிந்த பகுதியைக் காற்று பின்னோக்கி இழுப்பதால் மூக்கு முன்னாலேயே இருக்கும். ஒலிம்பிக் 10 மீட்டர் ஏர் ரைபிளில் பயன்படுவதும் இதே 4.5 மில்லிமீட்டர்தான். சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012 லண்டனில் வெண்கலம் வென்றது இந்தப் பிரிவில். அதில் மூக்கு தட்டையாகவே இருக்கும், காகிதத்தில் துளை வட்டமாக விழ வேண்டும் என்பதற்காக. பத்து மீட்டரில் காற்றுத்தடையைப் பற்றி யாருக்கும் கவலையில்லை.

நீளமான கூர்மூக்குக் குண்டுக்கு ஒரு தொல்லை உண்டு. அதன் எடைமையம் பின்பக்கம் இருக்கும், காற்று தள்ளுவதோ முன்பக்கத்தை. சும்மா விட்டால் குட்டிக்கரணம் அடித்துவிடும். அதைத் தடுப்பதுதான் குழலுக்குள் வெட்டிய சுழல் பள்ளங்களின் வேலை. 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற குழலிலிருந்து 790 மீட்டர் வேகத்தில் வெளிவரும் குண்டு நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். குண்டு எவ்வளவு நீளமோ அவ்வளவு வேகமான சுழற்சி வேண்டும். 1879-இல் ஆல்ஃப்ரெட் கிரீன்ஹில் இதற்கு ஒரு எளிய சூத்திரம் கொடுத்தார், இன்றும் தோராயக் கணக்குக்கு அதைத்தான் எடுக்கிறார்கள். அமெரிக்காவின் எம்16 ரைபிளில் 55 கிரெய்ன் குண்டுக்கு 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று போதுமாக இருந்தது. நீளமான 62 கிரெய்ன் நேட்டோ குண்டு வந்ததும் குழலை 7 அங்குலத்துக்கு ஒரு சுற்றாக மாற்றினார்கள். ஆகவே நல்ல குண்டு என்று கேள்விப்பட்டதை எந்தக் குழலிலும் போட்டுவிட முடியாது.

வடிவம், எடை, விட்டம் மூன்றையும் சேர்த்து ஒரே எண்ணில் சொல்வதற்குப் பெயர் பாலிஸ்டிக் கோஎஃபிஷன்ட். எண் பெரிதானால் குண்டு வேகத்தை நன்றாகக் காப்பாற்றுகிறது என்று பொருள். 175 கிரெய்ன் குண்டுக்கு 0.5 அளவில், 6.5-க்கு 0.64 அளவில் என்று பெட்டியிலேயே அச்சிட்டிருப்பார்கள். ஒரு எச்சரிக்கை மட்டும். இந்த எண்ணுக்கு ஒப்பிடும் மாதிரிக் குண்டு ஒன்று வேண்டும். ஜி1 என்ற மாதிரி பழங்காலத்துத் தட்டை வால் குண்டு, ஜி7 என்பது இன்றைய நீண்ட குறுகிய வால் குண்டு. ஒரே குண்டுக்கு ஜி1 எண் ஏறக்குறைய இரண்டு மடங்காகத் தெரியும். விற்பவர்களுக்கு எந்த எண்ணைப் பெரிதாக அச்சிடப் பிடிக்கும் என்று சொல்லவும் வேண்டுமா?

சரி, பக்கக் காற்று. வடசென்னையில் காத்தாடி விட்டு வளர்ந்தவர்களுக்கு இதில் பாதிப் பாடம் தெரியும். காலையில் மேற்கிலிருந்து வீசுவது, மதியத்துக்கு மேல் கடல்காற்று ஏறியதும் திசை மாறிவிடும். தெருவில் இலை அசையாது, மொட்டைமாடிக்கு மேல் வேறு காற்று அடிக்கும். ஒரு கிலோமீட்டர் வழியில் இப்படி நாலைந்து விதமான காற்றைக் குண்டு கடந்து போகிறது. மணிக்கு 16 கிலோமீட்டர் பக்கக் காற்று, அதாவது முகத்தில் சுகமாகப் படும் காற்று, ஆயிரம் கஜத்தில் 7.62 குண்டை சுமார் 2.4 மீட்டர் ஒதுக்கிவிடும். 6.5-ஐ 1.8 மீட்டர்.

காற்றில் எத்தனை நொடி இருக்கிறதோ அத்தனை நொடியும் காற்று தள்ளும் என்றுதான் எல்லோரும் நினைப்போம். அப்படியானால் 7.62 குண்டு ஆயிரம் கஜத்தைக் கடக்கும் 1.69 நொடிக்கு ஏழரை மீட்டர் ஒதுங்க வேண்டும். ஒதுங்குவதில்லை. கணக்கில் வருவது தாமதம் மட்டும்தான். காற்றே இல்லாத வெற்றிடத்தில் அந்தத் தூரத்தை 1.16 நொடியில் கடந்திருக்கும். தடையால் இழந்தது 0.53 நொடி. அந்த அரை நொடியைக் காற்றின் வேகத்தால் பெருக்கினால் 2.4 மீட்டர் வந்துவிடுகிறது. ஆகவே கிளம்பும் வேகத்தை ஏற்றுவதைவிட வழியில் வேகத்தை இழக்காமல் இருப்பது பெரிய காரியம். நல்ல வடிவத்துக்குக் காசு கொடுப்பதே இதற்காகத்தான்.

குண்டின் வேகம் ஒலியின் வேகத்தை நெருங்கி இறங்கும்போது இன்னொரு சிக்கல். மூக்கிலும் உடம்பிலும் ஒட்டியிருந்த அதிர்வலைகள் இடம் மாறும், காற்று தள்ளும் புள்ளியும் நகரும். சில குண்டுகள் அங்கே தள்ளாடத் தொடங்கிவிடும். பல ஆண்டுகள் போட்டிகளில் கோலோச்சிய 168 கிரெய்ன் குண்டு ஒன்று 600 கஜம் வரை தங்கம், ஆயிரம் கஜத்தில் நம்ப முடியாது. அதன் வால் 13 டிகிரி சரிவில் திடுமெனக் குறுகுவதுதான் காரணம் என்பார்கள். 9 டிகிரிச் சரிவுள்ள 175 கிரெய்ன் அதே இடத்தை அமைதியாகக் கடந்தது. ஒலிம்பிக் 50 மீட்டர் போட்டிக்கான .22 தோட்டாக்களில் வேறு உபாயம் செய்கிறார்கள். வேண்டுமென்றே ஒலியை விடக் குறைவாக, நொடிக்கு 330 மீட்டருக்குள் கிளம்பும்படி மருந்தை அளந்து போடுகிறார்கள். அந்தக் கொந்தளிப்பான எல்லையைக் கடக்கவே வேண்டாமே. என்சிசியில் .22 ரைபிளைத் தொட்டவர்கள் சுட்டது இதே காலிபர்தான்.

நம் ஊர்க் காற்றைப் பற்றி ஒன்று. மே மாதப் புழுக்கத்தில் காற்று கனமாக இருப்பதாகத் தோன்றும். உண்மையில் ஈரக் காற்று வறண்ட காற்றை விட லேசானது. நீராவி மூலக்கூறின் நிறை 18, காற்றின் சராசரி 29. வித்தியாசம் ஒன்றிரண்டு சதவீதம்தான், ஆனால் குண்டுக்குச் சாதகமான பக்கம். வெப்பமும் காற்றை லேசாக்குகிறது. பெரிய வித்தியாசம் உயரத்தால் வருவது. 2240 மீட்டர் உயரத்து ஊட்டியில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தை விட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இங்கே கணக்குப் போட்டு வைத்த சாய்மானத்தோடு அங்கே சுட்டால் குண்டு இலக்குக்கு மேலே போகும்.

பூமி சுழல்வதால் குண்டு விலகும் என்று இணையத்தில் பெரிதாகப் பேசுகிறார்களே, அதையும் கேட்டுவிடுவீர்கள். விலகும். துருவங்களை நெருங்கினால் அதிகம், நிலநடுக்கோட்டை நெருங்கினால் குறைவு. சென்னை இருப்பது 13 டிகிரி அட்சரேகையில். மேலே சொன்ன 7.62 குண்டு இங்கே ஆயிரம் கஜத்தில் வலப்பக்கம் விலகுவது இரண்டரை சென்டிமீட்டர். பக்கக் காற்றை நொடிக்கு ஐந்து சென்டிமீட்டர் தப்பாக மதிப்பிட்டாலே அதே அளவு பிழை வந்துவிடும்.